காலைக் கஞ்சியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"கல்வியும் முன்னேற்றமும்" என்னும் பொருளில் நான் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் ராகிக் கஞ்சியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர்கள் சற்றுத் தயங்கினார்கள். வெள்ளி விழா மேடையில் கஞ்சியா என்று நினைத்திருக்கலாம். பட்டம் பெற்றவர்களையும் பதவி பெற்றவர்களையும் பாராட்டும் நன்னாளில் பழைய அடுப்படியை நினைவூட்டுவது சிலருக்கு உவப்பாக இராது என்பதை நான் அறிவேன். ஆயினும் என் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறினால், நான் ஏன் இப்பொருளைத் தேர்ந்தெடுத்தேன் என்பது விளங்கும்.

சென்ற ஆண்டு ஒருநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து நிழலில் அமர்த்தினோம். "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்றேன். "டீ சார்" என்றாள். "அதனுடன்?" என்றேன். பதில் இல்லை. தாயும் தந்தையும் கட்டட வேலைக்குப் பெங்களூரில் இருக்கிறார்கள், பாட்டியுடன் இருக்கிறாள். மாலையில் அவள் வீட்டிற்குச் சென்றேன். பாட்டி என்னை உட்காரவைத்து அழாக் குறையாகச் சொன்னார்: "ஐயா, பானையிலே கூழ் இருக்குதுங்க. தொடமாட்டேங்கறா. கூழ் குடிச்சுட்டுப் போனா பொண்ணுங்க சிரிக்கிறாங்களாம்."

உணவு வீட்டில் இருந்தது. பிள்ளை பட்டினியாகப் பள்ளிக்கு வந்தாள். பசிக்கும் பானைக்கும் நடுவே நின்றது வெட்கம் ஒன்றே. அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பேச வேண்டும். அதைப் பேசாமல் ராகியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிப் பயனில்லை. நானே பல ஆண்டுகள் எழுதியிருக்கிறேன்.

என் தந்தையார் பண்ணை ஒன்றில் ஆள்காரராக இருந்தவர். நண்பகலுக்கு முன்னர் வரப்பு மேட்டில் அவருக்குக் கூழ் வரும். கொண்டுவருபவர்கள் பாத்திரம் பட்டுவிடக் கூடாது என்று உயரத் தூக்கி ஊற்றுவார்கள். இவர் குனிந்து இரு கைகளையும் ஏந்தி வாங்கிக் குடிக்க வேண்டும். விரலிடுக்கில் வழிந்தது போக மீதியே வயிற்றுக்கு. அதுவும் தண்ணீராக இருக்கும். சிறுவனாக நான் இதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்த அந்த மாதமே அவர் என் தாயாரை அழைத்து, இனி இந்த வீட்டில் ராகி வேகக் கூடாது என்று சொல்லிவிட்டார். இறக்கும் வரை அவர் கூழைத் தொடவில்லை. அவருடன் நான் ஒருநாளும் வாதிட்டதில்லை. இன்று அவர் உயிரோடு இருந்தாலும் வாதிட மாட்டேன். அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரை அள்ளி அருந்தினார் என்று நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம். தாகத்தைவிடப் பெரிய ஒன்று அந்தக் கைப்பிடி நீரில் இருந்தது. என் தந்தையார் விலக்கிய கூழிலும் அப்படி ஒன்று இருந்தது.

ஆனால் என் தாயாரின் கதை வேறு. அதே ராகியை அவர் வீட்டில் கெட்டியாகக் காய்ச்சுவார். மோர் கிடைத்த நாளில் மோர் ஊற்றுவார். சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போடுவார். 1982 சூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அத்திட்டம் அப்போது ஒன்பது வயது வரையிலான குழந்தைகளுக்கே கிடைத்தது. 10 முதல் 15 வயதினருக்கு 1984இல்தான் விரிவடைந்தது. இடைப்பட்ட இரண்டாண்டுகளும் என் தம்பி பள்ளியில் சோறு உண்டான். நான் தாயார் ஊற்றிய கூழைக் குடித்துவிட்டு நான்கு கல் நடந்தேன். கணக்கில் என்னைத் தோற்கடித்தவர்கள் குறைவு. கூழ்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் பசி என் கணக்கைக் கெடுக்கவில்லை.

ஆக, வரப்பில் ஊற்றப்பட்ட கூழும் வீட்டில் காய்ச்சிய கூழும் ஒரே தானியத்தில் ஆனவை. அளந்தவன் வேறு, ஊற்றிய உயரம் வேறு. தானியத்திற்குச் சாதி கிடையாது. அதை நம்மேல் ஒட்டியவர்கள் தானியத்தின்மேலும் சேர்த்து ஒட்டினார்கள்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் சாமுவேல் ஜான்சன் என்ற பேரறிஞர் 1755இல் வெளியிட்ட அகராதியில், ஓட்ஸ் என்ற தானியத்தை இங்கிலாந்தில் குதிரைகளுக்குப் போடுவார்கள் என்றும், ஸ்காட்லாந்தில் அது மக்களுக்கு உணவு என்றும் ஏளனம் தொனிக்கப் பொருள் எழுதினார். ஸ்காட்லாந்து மக்கள் அந்த ஏளனத்திற்காகத் தம் காலைக் கஞ்சியை விட்டுவிடவில்லை. இன்று அதே ஓட்ஸ் அழகிய அட்டைப் பெட்டியில் அடைபட்டுத் தருமபுரி பேருந்து நிலையக் கடை வரைக்கும் வந்துவிட்டது. நம்மவர்களும் வாங்குகிறோம். அதைக் கஞ்சி என்று சொன்னால் கடைக்காரர் வருத்தப்படுவார்.

ராகியின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். எத்தியோப்பியா, உகாண்டா பகுதிகளில் தோன்றிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்தது. உகாண்டாவிலும் கென்யாவிலும் இன்றும் குழந்தைகளுக்குக் காலையில் ராகிக் கஞ்சி கொடுக்கிறார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வட்டாரங்களின் மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த ஆண்டிலும் ஏதேனும் ஒரு படி தந்த பயிர் இது.

அரிசியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நியாயவிலைக் கடையில் 2011 சூன் முதல் விலையில்லா அரிசி கிடைத்தபோது, நம் தெருக்களில் அடுப்பு எரியாத வீடு குறைந்தது. அதைப் பழிப்பவன் பட்டினியை அறியாதவன். ஆனால் வயிறு நிறைவது ஒன்று, உடல் தேறுவது மற்றொன்று. இதனை உலகிற்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் நம் தமிழ்நாட்டில் இருந்து உழைத்தவர். குன்னூரில் 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் ஓர் அறையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு அறைதான் பின்னர் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பயறு, காய்கறி அடங்கிய பஞ்சாபியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து பின்தங்கின. பாலும் காய்கறியும் அங்கு சேர்ந்திருந்தன என்பதால் வெற்றி முழுவதும் தானியத்திற்கு உரியதன்று. ஆயினும் தவிட்டையும் முளைக்கருவையும் தீட்டி எறிந்த தானியம் அரைகுறையானது என்பது அன்றே நிலைநாட்டப்பட்டது.

இங்கேதான் ராகியின் பெருமை. அது மிகச் சிறியது. அரிசியைப் போல அதை எளிதில் தீட்டி வெளுப்பாக்க முடியாது. தோலோடும் கருவோடும் முழுதாகத்தான் அரைபடும். ஏழையின் தானியம் ஏமாற்ற முடியாத தானியமாகவும் அமைந்துவிட்டது. நூறு கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமை எட்டுவதே அரிது. வளரும் பிள்ளையின் எலும்புக்கும் பல்லுக்கும் இது எவ்வளவு முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சாமை, தினை, வரகு ஆகியவற்றுக்கு உமி நீக்க வேண்டும். ஆலைகளில் அவற்றையும் வெள்ளை வெளேரென்று தீட்டி விடுகிறார்கள். வாங்கும்போது மங்கலான நிறமுள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஒன்றை மிகைப்படுத்தக் கூடாது. ராகியில் இரும்புச் சத்து சிலர் சொல்லுமளவுக்கு இல்லை. கம்பில் அது கூடுதல். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தச் சோகை உண்டென்று 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. ஆதலால் பள்ளியில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையைக் கஞ்சி குடிக்கிறோம் என்று சொல்லி வீசிவிடாதீர்கள், பெண் பிள்ளைகளே. மாத்திரை வேறு, கஞ்சி வேறு, இரண்டும் வேண்டும். கஞ்சியோடு தேநீர் குடித்தால் உள்ள இரும்பும் உடலில் சேராது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அதற்குப் பதில் ஒரு நெல்லிக்காய் கடித்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். ஆண்கள் எழுந்து போக வேண்டாம், இது உங்களுக்கும்தான்.

ஒரு கிலோ ராகியை முறத்தில் புடைத்துக் கல்லும் மண்ணும் நீக்குங்கள். நான்கைந்து முறை கழுவி அரித்து எடுங்கள். ராகியில் மண் ஒளிந்துகொள்ளும். மாலையில் ஊறவைத்து மறுநாள் காலை நீரை முற்றும் வடியுங்கள். பழைய வேட்டித் துணியில் தளரக் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, காய்ந்துவிடாமல் இரண்டு மூன்று தடவை நீர் தெளியுங்கள். ஒரு நாளில் எள்ளளவு வெண்முளை எட்டிப் பார்க்கும். மார்கழிக் குளிரில் இரண்டு நாள் ஆகும். முளை நீளவிட வேண்டாம். புளித்த நாற்றம் அடித்தாலோ வழுவழுத்தாலோ அதை மாட்டுக்குக்கூட வைக்காமல் கொட்டிவிடுங்கள். நன்றாக முளைத்ததைப் பாயில் பரப்பிச் சுக்காகக் காயவையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த மாவில் பூஞ்சை பிடிக்கும். பின்னர் மண்சட்டியிலோ இரும்பு வாணலியிலோ சிறு தீயில் மணம் வரும்வரை வறுங்கள்.

முளை கட்டுவதில் என்ன பயன் என்று கேட்கலாம். தானியத்தில் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் உண்டு. முளைக்கும்போது அது குறைந்து, சுண்ணாம்பும் இரும்பும் உடலுக்கு எளிதில் கிடைக்கின்றன. மேலும் முளை கட்டிய மாவு அவ்வளவாகக் கட்டியாகாது. ஆகையால் அதே குவளையில் கூடுதல் மாவு போடலாம். சின்ன வயிறுள்ள குழந்தைக்கு இது பெரிய நன்மை. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும்; அதன் பின்னர்தான் இந்தக் கஞ்சி, அதுவும் மெல்லிய துணியில் வடிகட்டி.

ராகி ஒரு கிலோவுக்குப் பச்சைப்பயறு கால் கிலோ எடுத்துத் தனியே வறுத்துச் சேருங்கள். தானியத்தில் குறையும் புரதத்தைப் பயறு நிறைவு செய்யும். பாசிப்பயறு விலை ஏறிய காலத்தில் கொள்ளு போடுங்கள். நம் ஊர்க் கொள்ளுக்கு என்ன குறை? நிலக்கடலையை மாவு மில்லில் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எண்ணெய் விட்டு இயந்திரத்தை அடைக்கும், மாவும் சில வாரங்களில் சிக்கு நாற்றம் அடிக்கும். வறுத்து இடித்துத் தனிப் புட்டியில் வைத்துக்கொண்டு குடிக்கும்போது ஒரு கரண்டி தூவுங்கள். கம்பு மாவும் விரைவில் கசந்துவிடும். பத்து நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். ராகி மாவு மாதக்கணக்கில் நிற்கும். மில்லில் மிளகாய் அரைத்த உடனே உங்கள் மாவைப் போட விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை நான் சொல்ல மறந்து, ஒரு மாதம் முழுவதும் கண்ணீரோடு கஞ்சி குடித்தோம். அரைத்த மாவைச் சலிக்கவும் வேண்டாம். சல்லடையில் நிற்பதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நார்ச்சத்து.

காய்ச்சுவது கால் மணி நேர வேலை. ஓர் ஆளுக்கு மூன்று மேசைக் கரண்டி மாவு, ஏறத்தாழ 40 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக் குவளைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சுடுநீரில் கரைத்தால் கட்டி கட்டியாகும். அந்தக் கட்டிகளைப் பார்த்துத்தான் பல பிள்ளைகள் கஞ்சியை வெறுக்கிறார்கள். ஒன்றரைக் குவளை நீர் கொதித்ததும் கரைசலை ஊற்றி, துடுப்பாலோ கரண்டியாலோ விடாமல் கிளறுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் பச்சை வாசனை போய் மேலே பளபளப்பு வரும். இறக்கி உப்பிட்டு, இளஞ்சூட்டில் மோர் விட்டு, நறுக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போடுங்கள். முருங்கைக் கீரை ஒரு பிடி கொதியில் போட்டால் இன்னும் நன்று. இனிப்புக் கேட்கும் பிள்ளைக்குச் சிறு வெல்லத் துண்டு.

அடுப்பருகில் நிற்க நேரமில்லாத வீட்டில் பழைய முறையே மேல். இரவில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் மாலை நொய்யை வேகவைத்து அதில் ஊற்றிக் கூழ் காய்ச்சிவிட்டால், அடுத்த நாள் காலை கரைத்துக் குடிக்க வேண்டியதுதான். வேலைக்கு விடியலில் கிளம்பும் தாய்மார்கள் இதை நமக்கு எப்போதோ கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

செலவைப் பார்ப்போம். 2024-25ஆம் ஆண்டுக்கு மைய அரசு ராகிக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாய். அதாவது கிலோ 42 ரூபாய் 90 காசு. கடையில் சற்றுக் கூடும். ஒரு கிலோ மாவில் இருபத்தைந்து குவளைக் கஞ்சி. குவளைக்கு ராகிச் செலவு இரண்டு ரூபாயை ஒட்டி. பயறு, அரைவைக் கூலி, எரிபொருள் எல்லாம் சேர்த்தாலும் கடைத் தேநீர் ஒன்றின் விலையைத் தொடாது. இனிக் கடையில் விற்கும் சத்துமாவுப் புட்டியையும் ராகி மால்ட்டையும் எடுத்து, ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். எடை மிகுந்த பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். சிலவற்றில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறதென்று பார்த்தால் திகைப்பீர்கள். விலையை எடையால் வகுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். நம்மைப் பார்த்துச் சிரித்த தானியத்தை நமக்கே பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள் என்பது புரியும்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கு ஒரு சொல். ராகி மருந்தன்று. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி இரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும். அளவோடு, கொரகொரப்பான மாவில், கீரையும் பயறும் சேர்த்துக் குடியுங்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நிலமுள்ளவர் விதைக்கலாம். நம்முள் பலருக்கு ராகியும் கடைச் சரக்கே. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த 2023இல், நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களில் நியாயவிலைக் கடை வழியே அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி வழங்கும் முயற்சி தொடங்கியது. அப்போது நம் தெருவிலேயே சிலர் வாங்க மறுத்ததையும், வாங்கியதைக் கோழிக்குப் போட்டதையும் கண்டேன். அந்த இரண்டு கிலோ ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ இரண்டு மாதக் காலைக் கஞ்சி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் நாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காகத் தொடங்கப்பெற்றது. நல்ல திட்டம். என் பள்ளியில் மயங்கி விழுந்தவளோ ஒன்பதாம் வகுப்பு.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முளை கட்டுவதும் வறுப்பதும் கிளறுவதும் பெண்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். பகலெல்லாம் களை பறித்துவிட்டு வந்த தாயின் தலையில் இதையும் ஏற்றுவதாயின், நான் இந்தப் பேச்சைப் பேசியிருக்கவே வேண்டாம். என் வீட்டில் காலைக் கஞ்சி என் பொறுப்பு. பி.ஏ., பி.எட். படித்த கைக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை. சங்கத்தின் இரவுப் பாடசாலைக்கு வரும் பிள்ளைகளுக்காக மாதம் ஒருமுறை மொத்தமாக முளை கட்டி அரைத்து வீட்டுக்கு இரண்டு கிலோ மாவு அடக்க விலைக்குத் தரலாமா என்று செயலாளர் அவர்களிடம் கேட்டிருக்கிறேன். மண்டபத்தின் பின்கட்டில் இடம் இருக்கிறது, ஆட்கள்தான் வேண்டும்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மறுநாள் என் கஞ்சித் தூக்கைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். கூட்டம் முடிந்ததும் ஆசிரியர் அறையில் அன்று. வேப்பமரத்தடியில், எல்லாரும் பார்க்க உட்கார்ந்து குடித்தேன். முதல் வாரம் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். இரண்டாம் வாரம் கணித ஆசிரியர் தம் தூக்கோடு வந்து அமர்ந்தார். அவர் வேறு சமூகத்தவர். மூன்றாம் வாரத்தில் அந்தப் பெண் ஒரு எவர்சில்வர் டப்பாவுடன் வந்தாள். ஆனால் எங்களோடு அமரவில்லை, சற்றுத் தள்ளித் தோழியோடு உட்கார்ந்துகொண்டாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

பின்கட்டில் இரண்டு பானைக் கஞ்சி காத்திருக்கிறது. ஒன்றில் மோர் விட்டிருக்கிறது, மற்றொன்றில் வெல்லம். நம் சங்க இளைஞர்கள் நால்வர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காய்ச்சியது. உப்புக் கூடியிருந்தால் அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.